ஷீல்டு பெட்டியில் இடம் போதவில்லை என்கிறது, 2 டிபி டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி – அவசரம்

நொய்யல்கரை | வெள்ளி, காலை 9:12
எல்லாருக்கும் வணக்கமுங்க. என்விடியா ஷீல்டு என்கிற ஆண்ட்ராய்டு டிவி பெட்டியையே, வீடியோக்களை வீட்டில் உள்ள டிவிக்கும் போனுக்கும் அனுப்புகிற சர்வராக வைத்து ஓட்டுகிறேன். மூன்று மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது நான்கு நாளாக, படத்தைத் தொட்டால் மாற்றுவதற்கு இடம் போதவில்லை என்று வந்து நின்றுவிடுகிறது. 2 டிபி டிஸ்க் சொருகியிருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் காலி. அப்புறம் எங்கே இடம் இல்லை? ஞாயிற்றுக்கிழமை அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) 80 முடிகிறது, சொந்தபந்தம் எல்லாம் வருகிறார்கள். பழைய கல்யாண வீடியோக்களைப் போட்டுக் காட்டுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சீக்கிரம் வழி சொல்லுங்க.

கோபி வாய்க்கால் | காலை 9:31
எந்த ஷீல்டு? உருளையாக, கைக்குள் அடங்குகிற மாதிரி இருப்பதா, தட்டையான புரோவா? சர்வர் ஆப் எது, ப்ளெக்ஸா, ஜெல்லிஃபினா? டிஸ்க் எந்த ஃபார்மேட்? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

தறிச்சத்தம் | காலை 9:40
எனக்கு இது கரண்ட் பிரச்சினை மாதிரி தெரிகிறது. நான் சோமனூர் பக்கம். எங்கள் வீதியில் தறிகள் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்தால் லைட்டே மங்கும். வோல்டேஜ் இறங்கினால் யூஎஸ்பி டிஸ்க் ஒரு நொடி அறுந்து திரும்ப வரும். அந்த ஒரு நொடியில் பெட்டிக்கு டிஸ்க்கே இல்லாத மாதிரி, அதனால்தான் இடம் இல்லை என்கிறது. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்று வாங்கி அதில் டிஸ்க்கை மாட்டுங்க தம்பி.

பெருந்துறை 99 | காலை 9:58
இந்தக் கேள்விக்கு இங்கேயே பத்து முறையாவது பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் வர வேண்டும். பெட்டியின் உள் சேமிப்பு 16 ஜிபி. அதிலும் ஆண்ட்ராய்டும் ஆப்களும் எடுத்துக்கொண்டது போகத்தான் மிச்சம். டிஸ்க்கில் 2 டிபி இருந்தாலும் 20 டிபி இருந்தாலும், சர்வர் தன் வரவு செலவுக் கணக்கை எழுதுவது உள்ளேதான். இதைப் புரிந்துகொள்ளாமல் டிவி பெட்டியைச் சர்வர் ஆக்குவதே தவறு. பழைய லேப்டாப் ஒன்றை எடுத்து லினக்ஸ் போடுங்கள்.

நொய்யல்கரை | காலை 10:20
மன்னிக்கணுமுங்க, அவசரத்தில் விட்டுப்போச்சு. புரோதான், 2019 மாடல். மச்சான் அமெரிக்காவிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. ப்ளெக்ஸ். டிஸ்க் என்டிஎஃப்எஸ். டிஸ்க் அறுந்த மாதிரி தெரியவில்லை, ஃபைல் எல்லாம் தெரிகிறது. லேப்டாப் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆகிற வேலை இல்லை.

தாராபுரம் காத்தாடி | காலை 10:34
புரோ என்றால் சுலபமுங்க. செட்டிங்ஸில் ஸ்டோரேஜுக்குப் போய் அந்த 2 டிபி டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்க. டிவைஸ் ஸ்டோரேஜாக அமைக்கவா என்று கேட்கும். சரி கொடுத்தால் பெட்டியின் உள் சேமிப்போடு டிஸ்க்கும் சேர்ந்துவிடும். இடப் பிரச்சினையே இனி இல்லை. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நொய்யல்கரை | காலை 10:41
அருமைங்க அண்ணா. மதியம் தோட்டத்திலிருந்து வந்ததும் செய்துவிடுகிறேன்.

பொள்ளாச்சிக்காற்று | காலை 10:44
தம்பி, அழுத்தாதீங்க. எங்கே இருந்தாலும் இதைப் படித்துவிட்டு அப்புறம் பெட்டியைத் தொடுங்க.

டிவைஸ் ஸ்டோரேஜாக அமைப்பது என்றால் டிஸ்க்கை ஃபார்மேட் செய்வது. உள்ளே இருப்பது எல்லாம் அழியும். அதோடும் முடியாது. ஆண்ட்ராய்டு அந்த டிஸ்க்கைப் பூட்டி, சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். நாளைக்குப் பெட்டி கெட்டுப்போனாலோ, யாராவது ஃபேக்டரி ரீசெட் கொடுத்தாலோ, டிஸ்க் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. வேறு கம்ப்யூட்டரில் சொருகினால் வெறும் குப்பையாகத்தான் தெரியும். உங்கள் கல்யாண வீடியோக்கள் வேறு எங்காவது இன்னொரு பிரதியாக இருக்கிறதா? அதை முதலில் சொல்லுங்க.

காத்தாடி தம்பி, நீங்கள் சொன்ன முறை வெற்று டிஸ்க்குக்குச் சரி. ஒரே பிரதி இருக்கிற டிஸ்க்குக்கு அதைச் சொல்லக் கூடாது.

தாராபுரம் காத்தாடி | காலை 11:02
அக்கா சொல்வது சரிதான். நான் புது டிஸ்க்கில் செய்தேன், அந்த நினைப்பில் எழுதிவிட்டேன். நொய்யல்கரை, நான் சொன்னதைச் செய்யாதீங்க.

கோபி வாய்க்கால் | காலை 11:10
இன்னும் இரண்டு கேள்வி. டிவியில் நேராகப் பார்த்தாலும் இந்தப் பிழை வருகிறதா, போனில் பார்க்கும்போது மட்டுமா? செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்தால் ப்ளெக்ஸ் மீடியா சர்வர் எத்தனை ஜிபி பிடித்திருக்கிறது?

ஈரோட்டு ரீல் | காலை 11:25
பழைய கேசட்டை மாற்றிய வீடியோ என்றால் எம்பெக்-2 என்கிற பழைய வீடியோ வடிவமாக இருக்கும். மணிக்கு இரண்டரை, மூன்று ஜிபி போகும். எல்லாவற்றையும் எச்.265 என்கிற புது வடிவத்துக்கு மாற்றிவிடுங்க, நாலில் ஒரு பங்காகச் சுருங்கும். கல்யாண வீடியோ வேலைதான் எனக்குத் தொழில், அனுபவத்தில் சொல்கிறேன். இடமும் மிச்சம், போனிலும் ஓடும்.

பெருந்துறை 99 | காலை 11:33
டிஸ்க்கில் இடம் இருக்கிறது என்று கேட்டவரே எழுதியிருக்கிறார். டிஸ்க்கில் இருக்கும் ஃபைலைச் சுருக்கினால் பெட்டியின் 16 ஜிபியில் எப்படி இடம் வரும்? கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

நொய்யல்கரை | மதியம் 1:50
நல்லவேளைங்க அக்கா, தோட்டத்திலேயே படித்துவிட்டேன். இன்னொரு பிரதி இல்லை. கேசட்டை மாற்றிக் கொடுத்தவரிடமும் இப்போது இல்லையாம். சித்தி கல்யாணம் 1996, பெரிய மாமா கல்யாணம், அப்புச்சி (அம்மாவின் அப்பா) பேசினது எல்லாமே இந்த ஒரு டிஸ்க்கில்தான்.

டிவியில் ஓடுகிறது. மாடியில் இருக்கிற டேப்லெட்டிலும் போனிலும்தான் பிழை. ப்ளெக்ஸ் மீடியா சர்வர் 6.8 ஜிபி என்று காட்டுகிறது. காலி 1.2 ஜிபி. நேற்று ராத்திரி படுக்கும்போது 1.9 இருந்தது, அதுதான் எனக்கு விளங்கவில்லை. ராத்திரி யாரும் எதுவும் போடவில்லை.

பொள்ளாச்சிக்காற்று | மதியம் 2:15
ராத்திரியில் குறைகிறது என்றால் ஆள் கிடைத்துவிட்டது. ப்ளெக்ஸ் தன் பின்னணி வேலைகளை வழக்கமாக ராத்திரி 2 மணிக்கு ஆரம்பித்து 5 மணி வரைக்கும் செய்யும். அந்த நேரத்தில் எதையோ எழுதி வைக்கிறது.

வீடியோவை ஓட்டிப் பார்க்கும்போது, கீழே கோட்டில் விரலை நகர்த்தினால் குட்டிக் குட்டிப் படம் வருகிறதா? அப்படி வந்தால் பிரிவ்யூ தம்ப்நெய்ல் என்பதைப் போட்டு வைத்திருக்கிறீர்கள். அது தானாக வராது, யாராவது இயக்கியிருக்க வேண்டும். இரண்டு நொடிக்கு ஒரு படம் எடுத்துச் சேர்க்கும். ஒரு மணி நேரத்துக்கு 1,800 படம். சினிமா மட்டும் வைத்திருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. கல்யாண வீடியோ அப்படியா? முகூர்த்தக்கால், இணைச்சீர், வரவேற்பு என்று ஒரே கல்யாணம் ஏழெட்டு மணி நேரம் ஓடும். மொத்தம் எத்தனை மணி நேரம் வைத்திருக்கிறீர்கள்?

நொய்யல்கரை | மதியம் 2:22
ஆமாங்க, குட்டிப் படம் வருகிறது! போன மாதம் யாரோ சொன்னார்கள் என்று போட்டேன். அமுச்சிக்கு வேண்டிய இடத்தைச் சட்டென்று எடுத்துக் காட்டலாமே என்றுதான். மொத்தம் 212 மணி நேரம்.

பொள்ளாச்சிக்காற்று | மதியம் 2:40
212 மணி நேரம் என்றால் மூன்று லட்சத்து 81 ஆயிரம் படம். ஒன்று 10 கேபி என்று வைத்தாலும் 3.8 ஜிபி. அத்தனையும் பெட்டியின் உள் சேமிப்பில்.

டிவியில் ஓடி டேப்பில் ஓடாததற்கும் இதுதான் காரணம். டிவியில் ஃபைல் அப்படியே ஓடுகிறது. டேப்புக்கு எம்பெக்-2 ஆகாது, அதனால் சர்வர் அதை மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும். மாற்றிய துண்டுகளைக் கொஞ்ச நேரம் வைக்க இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் குட்டிப் படங்கள் பிடித்துக்கொண்டன.

இப்போது செய்ய வேண்டியது. கம்ப்யூட்டர் பிரவுசரில் பெட்டியின் ஐபி முகவரியை அடித்து, பக்கத்தில் :32400/web போட்டு உள்ளே போங்க. சர்வர் செட்டிங்ஸில் லைப்ரரி பகுதியில் வீடியோ பிரிவ்யூ தம்ப்நெய்ல் என்பதை நெவர் என்று மாற்றுங்க. முதலில் இதைச் செய்தால்தான் இன்று ராத்திரி மறுபடியும் எழுதாது. அப்புறம் ஒவ்வொரு லைப்ரரிக்கும் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, பிரிவ்யூ தம்ப்நெய்லை நீக்கு என்பதைக் கொடுங்க. கல்யாண வீடியோவை அது தொடாது, தான் செய்த குட்டிப் படத்தை மட்டும்தான் அழிக்கும். இருந்தாலும் டிஸ்க்கைப் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் செய்வேன் என்று நினைக்க வேண்டாம். டிஸ்க் மாட்டியிருக்கட்டும், இல்லையென்றால் சர்வர் வீடியோவைக் காணோம் என்று குழம்பும்.

பெருந்துறை 99 | மதியம் 3:05
டேட்டாபேஸ் பேக்கப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நாளைக்கு ஒன்று எடுத்துப் பழையதையும் வைத்திருக்கும். சின்னப் பெட்டியில் அதுவும் சுமைதான். ஆனால் நிறுத்திவிடாதீர்கள். இடம் நிரம்பிய நேரத்தில் டேட்டாபேஸ் உடைந்தால் அந்தப் பேக்கப்தான் காப்பாற்றும்.

தறிச்சத்தம் | மதியம் 3:20
உடைவது என்றாலே கரண்ட்தான். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்துவார்கள், அந்த நேரத்தில் சர்வர் எழுதிக்கொண்டிருந்தால் போச்சு. நான் முதலில் சொன்னது இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பெட்டிக்கும் டிஸ்க்குக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்க தம்பி.

ஈரோட்டு ரீல் | மாலை 4:10
டேப்புக்கு எம்பெக்-2 ஆகாது என்று அக்காவே சொல்கிறார். அதைத்தானே நானும் சொன்னேன்? மாற்றி வைத்துவிட்டால் சர்வருக்கு மாற்றும் வேலையே இல்லை. எதற்கு இத்தனை பாடு?

பொள்ளாச்சிக்காற்று | மாலை 4:48
மாற்றலாம். மூலத்தை அழிக்காமல் மாற்றலாம். நம் ஊர் கேசட் எல்லாம் பிஏஎல் (PAL) என்கிற டிவி முறை, நொடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக, ஆக 50 பாதிப் படம். அதைச் சரியாகப் பிரிக்காமல் சுருக்கினால் அசைகிற இடத்தில் எல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். எங்கள் ஊர் நோம்பியில் வள்ளி கும்மி ஆடினதை என் அப்பா கேசட்டில் எடுத்து வைத்திருந்தார். அதை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துச் சுருக்கி வாங்கினோம். ஆடுகிறவர்கள் கை தட்டும் ஒவ்வொரு இடத்திலும் விரல் விரலாகக் கிழிந்து தெரிகிறது. கேசட் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. மூல ஃபைலையும் அவர்கள் அழித்துவிட்டார்கள். திரும்ப எடுக்க வழியே இல்லை. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஈரோட்டு ரீல் | மாலை 5:15
அது அந்த ஸ்டூடியோ செய்த தவறு. முதலில் பாதிப் படங்களைப் பிரித்து நொடிக்கு 50 முழுப் படமாக்கி, அப்புறம் சுருக்கினால் கோடே வராது. நான் அப்படித்தான் செய்து கொடுக்கிறேன். மூலத்தையும் வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுகிறேன். தொழிலையே குறை சொல்ல வேண்டாம் அக்கா.

பொள்ளாச்சிக்காற்று | மாலை 5:22
தொழிலைச் சொல்லவில்லைங்க. நீங்கள் செய்கிற முறை சரியான முறை. ஆனால் முதல் பதிலில் மாற்றிவிடுங்க என்று மட்டும்தான் எழுதினீர்கள். அவசரத்தில் இருக்கிற ஆள் மாற்றிவிட்டுப் பழையதை அழித்துவிடுவார்.

பெருந்துறை 99 | மாலை 5:40
நொடிக்கு 50 எதற்கு? 25 போதும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஈரோட்டு ரீல் | மாலை 5:44
கும்மியில் தெரியும். ஆடுகிற கால் 25-இல் வெட்டி வெட்டிப் போகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்க. இதில் உங்களைவிட எனக்குக் கொஞ்சம் தெரியும்.

கோபி வாய்க்கால் | மாலை 6:05
இந்த விவாதத்துக்குத் தனி இழை போடலாமே. கேட்டவரின் வேலை ஆகட்டும். நொய்யல்கரை, என்ன ஆச்சு?

நிரந்தரத் தீர்வுக்கு ஒன்று சொல்கிறேன். ஷீல்டில் இரண்டு யூஎஸ்பி இருக்கிறது. ஒன்றில் வீடியோ டிஸ்க் இப்போது இருக்கிற மாதிரியே இருக்கட்டும். இன்னொன்றில் 128 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை யூஎஸ்பி உறையில் போட்டு மாட்டி, அதை மட்டும் டிவைஸ் ஸ்டோரேஜாக அமைத்து, ப்ளெக்ஸ் சர்வரின் தரவை அங்கே நகர்த்துங்க. அந்த எஸ்எஸ்டி போனாலும் போவது சர்வரின் கணக்கு மட்டும்தான், அதைத் திரும்ப உருவாக்கிவிடலாம். பென் டிரைவ் வேண்டாம், மெதுவாக இருக்கும், சீக்கிரம் தேயும். ஃபார்மேட் கொடுக்கும் நேரத்தில் வீடியோ டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்க, தப்பித் தவறிக்கூட அதைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பொள்ளாச்சிக்காற்று | மாலை 6:11
இதுதான் சரி. எஸ்எஸ்டி வந்த பிறகு குட்டிப் படத்தையும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அமுச்சிக்கு அது வேண்டும்தானே.

நொய்யல்கரை | சனி, காலை 6:30
நெவர் போட்டு, எல்லா லைப்ரரியிலும் நீக்கிவிட்டேன். இப்போது காலி 5.3 ஜிபி. ராத்திரி படுக்கும்போது இருந்த அதே அளவு காலையிலும் இருக்கிறது. டேப்பிலும் ஓடுகிறது. ரொம்ப நன்றிங்க.

தாராபுரம் காத்தாடி | காலை 7:15
மனசு இப்போதுதான் லேசானது. நேற்று முழுக்க அதே யோசனை.

நொய்யல்கரை | ஞாயிறு, இரவு 10:48
எல்லாம் நல்லபடியாக நடந்ததுங்க. சித்தி கல்யாணத்தில் அப்புச்சி பந்தியில் நின்று "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க" என்று சொல்கிற இடத்தை அமுச்சி நாலு தரம் போடச் சொன்னார். அப்புச்சி குரலைக் கேட்டு 11 வருசம் ஆச்சு.

பொள்ளாச்சிக்காற்று | ஞாயிறு, இரவு 10:55
கேட்கவே நிறைவாக இருக்கிறது தம்பி. இன்னொரு டிஸ்க் வாங்கிப் பிரதி எடுத்துவிட்டீர்களா?

பொள்ளாச்சிக்காற்று | வியாழன், காலை 8:20
தம்பி, பிரதி எடுத்தாச்சா?