நமீபியா: எட்டோஷா தேசியப் பூங்காவுக்கு நாமே கார் ஓட்டிப் போகலாமா?

கேள்வி: செப்டம்பரில் தலைநகர் விண்ட்ஹோக்கிலிருந்து கிளம்புறோம். ஃபோர் வீல் டிரைவ் கட்டாயமா?

பதில் 1: எட்டோஷா மட்டும்னா வேண்டாம். பூங்கா நுழைவாயிலான ஆண்டர்சன் கேட் வரை தார் ரோடு. உள்ளே சரளை, வேக வரம்பு 60.

பதில் 2: வெளியே வேறு சரளை ரோட்டில் போனாலும் 80-ஐத் தாண்டாதீங்க. வழுக்கும்போது பதறி பிரேக்கை மிதிச்சாதான் வண்டி கவிழும். ஆக்சிலரேட்டரை விட்டுட்டு ஸ்டியரிங்கை நேரா பிடிங்க. டயர் காற்றை 1.8–2 பார் வரை குறைக்கலாம், ஆனா தார் ரோடு வந்ததும் மறுபடி ஏத்தணும். இல்லன்னா பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். ஸ்பேர் டயர் இரண்டு கேளுங்க.

பதில் 3: சூரியன் மறையறதுக்குள்ள முகாமுக்குள் இருக்கணும், கேட்டை மூடிடுவாங்க. செப்டம்பர் வறட்சிக் காலம், விலங்குகளே தண்ணி தேடி வரும். அலையாம நீர்க்குட்டை ஓரமா காரிலேயே காத்திருங்க. இரவில் ஒகாகுவேயோ முகாமின் குட்டைக்கு விளக்கு உண்டு, கருப்புக் காண்டாமிருகம் வரும்.