கல்யாண ஜாக்கெட் ஏறல, பிரசவம் முடிஞ்சு 9 மாசம் ஆச்சு... நீங்கல்லாம் எப்படி மனசைத் தேத்திக்கிட்டீங்க?

ஈரோட்டு அம்மணி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் மொதல் தடவையா எழுதறேன், தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க. எனக்கு வயசு 29. ஆபரேஷன் பண்ணித்தான் பாப்பா பொறந்தா, இப்ப 9 மாசம் ஆச்சு. கல்யாணத்தப்ப 54 கிலோ இருந்தேன், இப்ப 68. அடுத்த மாசம் கொழுந்தனாருக்குக் கல்யாணம், முகூர்த்தத்துக்கு என் கல்யாணப் பட்டையே கட்டிக்கலாம்னு போன ஞாயித்துக்கிழமை பீரோவுல இருந்து எடுத்தேன். சேலைக்கு என்ன, அது எப்பவும் சேலைதான். ஜாக்கெட்தான் கை முட்டிக்கு மேல ஏறவே இல்லைங்க. கஷ்டப்பட்டு இழுத்துப் போட்டுப் பார்த்தா கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி. அப்படியே கட்டில்ல உக்காந்துட்டேன்.

அதுக்கு முந்தின வாரம் இன்னொண்ணு. டவுன் பஸ்ல போறேன், பாப்பாவ அம்மாகிட்ட விட்டுட்டு. ஒரு அக்கா சட்டுனு எந்திரிச்சு "வாம்மா, உக்காரு, எத்தன மாசம்?"னு கேட்டாங்க. நல்ல மனசோடதான் கேட்டாங்க. இல்லைங்கன்னு சொன்னா அவங்களுக்கும் சங்கடம், சுத்தி இருக்கறவங்களும் பார்ப்பாங்க, அதனால "அஞ்சு மாசங்கக்கா"ன்னு பொய் சொல்லிட்டு உக்காந்துட்டேன். எறங்கற வரைக்கும் அந்த அக்கா முகத்தப் பார்க்க முடியல. வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல தண்ணியத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

அத்தை "அப்பவே வயித்துல துணி கட்டியிருந்தா எறங்கியிருக்கும், நான் சொன்னேன் யாரு கேட்டீங்க"ன்னு நாலு பேர் முன்னாடி சொல்றாங்க. தையல் போட்ட வயிறுன்னு நானும் எங்கம்மாவும் பயந்துட்டு கட்டல. முடி வேற சீப்புல கத்தை கத்தையா வருது. அவரு எதுவும் சொல்ல மாட்டாரு, ஆனா எதுவும் சொல்லாததே எனக்கு ஒரு மாதிரி இருக்கு. கண்ணாடி முன்னாடி லைட்ட அணைச்சுட்டுத்தான் துணி மாத்தறேன்.

இந்த வயித்து பெல்ட், ராத்திரி சோத்துக்குப் பதிலா குடிக்கற பவுடர் இதெல்லாம் ஒரு மாசத்துல வேலை செய்யுமா? இன்னும் பால் குடுத்துட்டுத்தான் இருக்கேன். அதவிட, நீங்கல்லாம் இந்த ஒடம்ப எப்படி ஏத்துக்கிட்டீங்கன்னு யாராச்சும் சொல்லுங்க.

திருச்சி பிசியோ:

தங்கச்சி, நான் 16 வருஷமா பிசியோதெரபிஸ்ட்டா இருக்கேன், அதிகமா பார்க்கறதே பிரசவம் முடிஞ்ச பொண்ணுங்களத்தான், அதனால மனசு விஷயத்த மத்தவங்க சொல்லட்டும், நான் வயித்தப் பத்தி சொல்றேன்.

அஞ்சு மாசம் மாதிரி தெரியற வயிறு எல்லாமே கொழுப்பு கிடையாது. நம்ம வயித்துல நடுவுல மேலருந்து கீழ வரைக்கும் ரெண்டு தசைப் பட்டை இருக்கு, குழந்தை வளர வளர அது ரெண்டும் பக்கவாட்டுல விலகிக் குடுக்கும், குடுத்தாத்தான் குழந்தைக்கு எடம். பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்கு தானா சேர்ந்துடும், சிலருக்கு விலகினபடியே நிக்கும். நீங்களே பார்க்கலாம், மல்லாந்து படுத்து முட்டிய மடக்கி, தலைய மட்டும் லேசா தூக்குங்க, தொப்புளுக்குக் கொஞ்சம் மேல விரல வச்சு அமுக்கிப் பாருங்க. ரெண்டு விரலுக்கு மேல உள்ள போகுதுன்னா விலகல் இருக்குன்னு அர்த்தம். இது இருக்கறப்ப வயித்தக் குறைக்கறேன்னு படுத்து எந்திரிக்கற பயிற்சிய நூறு தடவை செஞ்சா நடுவுல கூடாரம் மாதிரி இன்னும் துருத்திக்கும், தயவு செஞ்சு அத செய்யாதீங்க. மூச்ச வெளிய விடும்போது அடிவயித்த மெதுவா உள்ள இழுத்துப் புடிக்கற பயிற்சியில இருந்து ஆரம்பிக்கணும், நேர்ல ஒருத்தர்கிட்ட கத்துக்கறது நல்லது.

துணி கட்டறது, பெல்ட் போடறது ரெண்டுமே தாங்கிப் புடிக்கறதுக்குத்தான். ஆபரேஷன் ஆன புதுசுல எந்திரிக்க உக்கார ஆதரவா இருக்கும், அவ்வளவுதான். கொழுப்பையும் கரைக்காது, விலகின தசையையும் அது ஒட்ட வைக்காது. ஆக நீங்க கட்டாம விட்டதால வந்த வயிறு இல்ல இது, அத்தைகிட்ட சொல்ல முடியாட்டியும் நீங்களாவது மனசுல இருந்து அத எடுத்துப் போட்டுடுங்க. இறுக்கமா கட்டினா அழுத்தம் கீழ எறங்கும், தும்மினா இருமினா சொட்டு மூத்திரம் போற பிரச்சனை அதிகமாகும். அது இப்பவே இருந்தா வெக்கப்படாம சொல்லுங்க, அதுக்கும் பயிற்சி இருக்கு.

பால் குடுக்கறப்ப ராத்திரி சாப்பாட்ட நிறுத்தவே நிறுத்தாதீங்க. பால் குடுக்கற அம்மாவுக்கு மொத ஆறு மாசம் வழக்கத்தவிட 600 கலோரி, அதுக்கப்புறம் 520 கலோரி கூடுதலா வேணும்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கே சொல்லுது. முடி கொட்டறது பிரசவத்துக்கு 3, 4 மாசம் கழிச்சு பலருக்கு ஆரம்பிக்கும், கர்ப்பத்துல விழாம நின்ன முடியெல்லாம் சேர்ந்து விழும், ஒரு வருஷ வாக்குல பெரும்பாலும் திரும்ப வந்துடும். ஆனா சோர்வு ரொம்ப இருந்தா ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒரு தடவை பார்த்துடுங்க, பிரசவத்துக்கு அப்புறம் தைராய்டு கோளாறு வர்றது உண்டு. அடிக்கடி அழுகை வந்துட்டே இருந்தா டாக்டர்கிட்ட அதையும் சொல்லணும், அதுவும் வைத்தியம் இருக்கற விஷயம்தான்.

தென்காசிக்காரி:

எனக்கு 53 வயசும்மா. உன் வயசுல எனக்கு ஒரு பொண்ணே இருக்கா, அதனால ஒருமையிலயே எழுதுதேன், தப்பா நெனைக்காத.

கல்யாணத்துக்கு முன்னாடி நான் ஒல்லி. பொண்ணு பாக்க வந்தவங்கள்ல ஒருத்தவங்க "காத்தடிச்சா பறந்துரும் போலயே, நிறமும் கம்மி"ன்னு சொல்லிட்டுப் போனாவ. ரெண்டு புள்ள பெத்து 35 வயசுல குண்டாயிட்டேன், அப்ப அதச் சொன்னாவ. 47ல தீட்டு நின்னுச்சு, அதோட சதை எல்லாம் இடுப்புல இருந்து வயித்துக்கு ஏறிடுச்சு, டாக்டரம்மாகிட்ட கேட்டதுக்கு ஈஸ்ட்ரோஜன்ங்குத பொம்பள ஹார்மோன் குறையுதுல்லா, அப்பம் கொழுப்பு சேருத எடமே மாறும்னு சொன்னாவ. இப்பம் "என்ன இப்படி தளர்ந்துட்ட"ங்காவ. அவங்க சொன்ன மாதிரி நான் ஒரு நாள் கூட சரியா இருந்ததில்ல பாத்துக்கோ. 30 வருஷம் இதக் கேட்டு அழுதிருக்கேன்.

நான் சொல்ல வந்தது வேற. எங்க ஊருக்குப் பக்கம்தான் குத்தாலம். வருஷா வருஷம் ஜூன், ஜூலை ஆச்சுன்னா சாரல் கட்டிடும், நாத்தனார் குடும்பம், கொழுந்தியா குடும்பம் எல்லாம் மெட்ராஸ்ல இருந்து வந்துரும், அருவிக்குக் கூட்டிட்டுப் போறது நான்தான். ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் நான் அருவியில குளிச்சதே இல்ல. ஈரத் துணியில ஒடம்பு தெரியும்னு பயம். எல்லாரோட பையும் செருப்பும் நகையும் மடியில வச்சுக்கிட்டு பாறை மேல உக்காந்திருப்பேன், "நீங்க குளிங்க, நான் பாத்துக்கிடுதேன்"னு. அப்படி 19 வருஷம். அருவி வீட்டுல இருந்து பஸ்ல பத்து நிமிஷம்.

மூணு வருஷம் முன்னாடி என் மக பையெல்லாம் அவ புருசன்கிட்ட குடுத்துட்டு என்னையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டா, ஐந்தருவியில பொம்பளைங்க பக்கம். உள்ள போனபிறகுதான் பாத்தேன். பாவாடைய நெஞ்சுக்கு மேல ஏத்திக் கட்டிட்டு ஒரு ஆச்சி நிக்காவ, எம்பது வயசிருக்கும், கைச்சதை தொங்குது, முதுகெல்லாம் சுருக்கம். பக்கத்துல ஒரு புள்ள, வயித்துல புதுசா வெடிச்ச செவப்புக் கோடு அம்புட்டும் தெரியுது, கைக்குழந்தைக்கு அருவித் தண்ணிய உள்ளங்கையில ஏந்தி தலையில விடுதா. குண்டு, ஒல்லி, கறுப்பு, நைட்டி, சுடிதார், எண்ண தேச்ச தலை. ஒருத்தி ஒருத்தியப் பாக்கல. பாக்கவும் முடியாதும்மா, தண்ணி தலையில விழும்போது கண்ணத் திறக்க முடியாதுல்லா. அந்த ஆச்சி என் கையப் புடிச்சு "நல்லா உள்ள வந்து நில்லு, ஓரத்துல நின்னா குளிரத்தான் செய்யும்"னு இழுத்து விட்டாவ. எம்புட்டு நேரம் நின்னேன்னு எனக்கே தெரியல. வெளிய வந்து நான் அழுதது அந்த 19 வருஷத்துக்காக.

நீ 29ல கேக்குத. அதனாலதான் இம்புட்டு எழுதுதேன்.

மதுரை மல்லி:

எல்லாரும் ஏத்துக்கங்க ஏத்துக்கங்கன்னு சொல்றதுல எனக்கு ஒரு சின்ன மாற்றுக் கருத்து இருக்கு, கோவிச்சுக்காதீங்க. எனக்கு ரெண்டாவது கர்ப்பத்துல சுகர் வந்துச்சு, பிரசவத்தோட போயிருச்சு. 6ல இருந்து 12 வாரத்துக்குள்ள திரும்ப வந்து டெஸ்ட் பண்ணுங்க, அப்புறமும் விடாம பார்த்துக்கிட்டே இருங்கன்னு அப்ப சொன்னாங்க, நான் போகல. எடையும் ஏறிச்சு, சொல்றவங்கள எல்லாம் எதிரியா நெனச்சு ஒதுக்குனேன், 38 வயசுல சுகர் திரும்ப வந்து இப்ப மாத்திரை. நம்ம நாட்டு ஒடம்புக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு, 23 தாண்டினாலே கவனிக்கணும்னு வச்சிருக்காங்க, பொம்பளைங்களுக்கு இடுப்புச் சுத்தளவு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்ங்கறாங்க. இத அசிங்கப்படுத்த சொல்லலம்மா. ஊர் பேச்சுக்காக ஒரு மாசத்துல குறைக்காத, ஆனா உனக்காக ஒரு வருஷத்துல குறைச்சுக்கோ. தினம் நடந்தா போதும், பாப்பாவ இடுப்புல வச்சுக்கிட்டே நட. கர்ப்பத்துல உனக்கு சுகர் இருந்துச்சான்னு நீ எழுதல, இருந்துச்சுன்னா நாளைக்கே போய் பாரு.

பாலாற்றங்கரை:

மதுரை அக்கா சொன்னது எனக்கு தப்பாப் படல, அதோட ஒண்ணு சேர்த்துச் சொல்லணும்னு தோணுச்சு. எனக்கு 44 வயசு. மூணு வருஷம் முன்னாடி இடது மார்ப எடுத்துட்டாங்க.

லைட்ட அணைச்சுட்டு துணி மாத்தறேன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அந்த வரியிலதான் நின்னுட்டேன். நானும் அப்படித்தான் இருந்தேன், கான்சருக்கு ரொம்ப முன்னாடியே. ரெண்டு குழந்தைக்குப் பால் குடுத்து மார்பு தொங்கிடுச்சுன்னு எனக்கு என் ஒடம்பையே பிடிக்காது, பார்க்க மாட்டேன், தொட மாட்டேன், குளிக்கறப்ப கூட அவசரமா தண்ணிய ஊத்திட்டு வந்துடுவேன். கட்டி எப்ப வந்துச்சுன்னு டாக்டர் கேட்டப்ப எனக்கு பதில் தெரியல. கைக்கு நல்லாத் தட்டுப்படற அளவுக்கு வளர்ந்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சுச்சு. தீட்டு முடிஞ்ச சில நாள்ல, மாசம் ஒரு தடவை, வெளிச்சத்துல கண்ணாடி முன்னாடி நின்னு பாருங்க, கையால தடவிப் பாருங்க. நீங்க பால் குடுக்கறதால பால் கட்டி வரும் போகும், குடுத்த பிறகும் கரையாம அப்படியே இருக்கற கட்டின்னா காட்டிடுங்க. 30 வயசு தாண்டினவங்களுக்கு அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மார்பகப் பரிசோதனை காசில்லாம பண்றாங்க, இதப் படிக்கற மத்தவங்களும் போங்க.

ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் பீரோ கண்ணாடிய துண்டு போட்டு மூடி வச்சிருந்தேன். வெளிய போகணும்னா ஜாக்கெட்டுக்குள்ள பஞ்ச உருட்டி வச்சுப்பேன், அது நடக்க நடக்க மேல ஏறிக்கும், யாராவது பார்த்துட்டாங்களான்னு முந்தானைய இழுத்து இழுத்து விட்டுட்டே இருப்பேன். எங்க தெரு டெய்லர் அக்காகிட்ட ஒரு நாள் தைரியமா சொன்னேன். அவங்க ஒரு கேள்வி கேக்கல, கடைக் கதவ சாத்திட்டு அளவெடுத்தாங்க, இடது பக்கம் உள்ளுக்குள்ள மெல்லிசு காட்டன்ல ஒரு பை மாதிரி வச்சு தைச்சுக் குடுத்தாங்க, செயற்கை மார்பு அதுக்குள்ள நகராம உக்காந்துக்கும். எட்டு ஜாக்கெட்டுக்கும் அப்படியே பிரிச்சுத் தைச்சாங்க, பைக்குத் தனியா காசு வாங்கல. துண்ட எடுத்தது அதுக்கப்புறம்தான். தழும்பு இருக்கு. பார்க்கறேன் இப்ப, தினமும்.

உங்க ஜாக்கெட்ட ஒரு நல்ல டெய்லர்கிட்ட கொண்டு போங்க தங்கச்சி. கல்யாண ஜாக்கெட்டுக்கு உள்ள தையல் விட்டுத்தான் தைப்பாங்க.

ரெண்டு பொண்ணுக்கு அம்மா:

சுருக்கமா ஒண்ணு. என் பெரியவளுக்கு 13 வயசு. வயசுக்கு வந்ததுல இருந்து தோள குறுக்கிட்டு கூன் போட்டு நடக்கறா, யூனிஃபார்ம் மேல வெயில்லயும் ஸ்வெட்டர். ஃபேர் அண்ட் லவ்லின்னு இருந்தத 2020ல க்ளோ அண்ட் லவ்லின்னு பேர மாத்திட்டாங்க, நம்ம வீட்டுல பேச்சு மாறல, பாட்டி இன்னும் அதத்தான் வாங்கித் தர்றாங்க. போன வாரம் அவ கண்ணாடி முன்னாடி நின்னு வயித்தக் கிள்ளிப் புடிச்சு "ச்சீ"ன்னு சொன்னா. அது என் கை, என் குரல். தினம் காலையில நான் செய்யறத அப்படியே செய்யறா. அன்னையில இருந்து நான் நிறுத்திட்டேன், கஷ்டமா இருக்கு, வாய் வரைக்கும் வருது, முழுங்கிடறேன். உங்க பாப்பாவுக்கு 9 மாசம்தான் ஆகுது, உங்களுக்கு நிறைய டைம் இருக்கு.

ஈரோட்டு அம்மணி:

எல்லாத்தையும் ரெண்டு மூணு தடவை படிச்சுட்டேன்ங்க. தென்காசி அம்மா, உங்களுத அவருகிட்ட சத்தமா படிச்சுக் காட்டினேன், பாதியில என்னால படிக்க முடியல, அவருதான் போன வாங்கி மீதிய படிச்சாரு. படிச்சு முடிச்சுட்டு, "ஏதாவது சொன்னா உனக்கு வலிக்குமோன்னுதான் பேசாம இருந்தேன்"னாரு. இத்தன நாள் நான் என்னென்னமோ நெனச்சுட்டு இருந்தேன்.

திருச்சி அக்கா சொன்ன மாதிரி படுத்துப் பார்த்தேன், மூணு விரல் போகுது. வெள்ளிக்கிழமை பிசியோகிட்ட நேரம் வாங்கியிருக்கேன், ரத்தமும் அன்னிக்கே குடுத்துடறேன். மதுரை அக்கா, கர்ப்பத்துல சுகர் இல்லைங்க, ஆனா எங்கப்பாவுக்கு இருக்கு, அதனால அதையும் சேர்த்தே பார்க்கச் சொல்லிடறேன். பவுடர் வாங்கல.

பாலாற்றங்கரை அக்கா, நேத்து அத்தையக் கூட்டிட்டே டெய்லர் கடைக்குப் போனேன். அண்ணன் ஜாக்கெட்ட உள்பக்கமா திருப்பி, ரெண்டு பக்கமும் நாலு நாலு வரி தையல் இருக்கறத காட்டினாரு, பக்கத்துக்கு ஒன்றரை இன்ச்சு துணி மடிஞ்சு உள்ள இருந்துச்சுங்க. அத்தை அதத் தொட்டுப் பார்த்துட்டு, அவங்க கல்யாண ஜாக்கெட்ட மூணு தடவை பிரிச்சாங்களாம், கடைசில துணி பத்தாம அக்குள்ல வேற துணி ஒட்டுப் போட்டுக்கிட்டாங்களாம், வெளிய தெரியாம முந்தானையால மூடிட்டு நின்னாங்களாம் எங்க கல்யாணத்துல. எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. மூணு தையல் பிரிச்சா போதும்னு அண்ணன் சொன்னாரு. பிரிச்ச எடத்துல உள்ள இருந்த அரக்கு கலர் வெயில் படாம புதுசா இருக்கு, பழைய தையல் ஓட்டை வரிசையா தெரியுது. தண்ணி தொட்டு நகத்தால நீவி விட்டு அயர்ன் பண்ணினா ஓரளவு மறைஞ்சுடும்னாரு. தெரிஞ்சாலும் பரவால்லைங்கண்ணான்னு சொல்லிட்டு வந்தேன். புதன்கிழமை வாங்கிக்கச் சொல்லியிருக்காரு.