பழமரத்துக்கு மயில் வருகிறதா? உங்கள் அனுபவம் என்ன?

அணிலுக்கும் கிளிக்கும் வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், மயிலுக்குத்தான் ஆளைக் காணோம். எங்கள் மாதுளைச் செடி மேல் வலை போர்த்தியிருந்தது. ஆண் மயில் ஒன்று மதிலிலிருந்து நேராக வலை மேலேயே இறங்கியது. நாலு கிலோவுக்குக் குறையாத பறவை. வலை தொய்ந்து பழத்தோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம் என்ன, நின்ற வாக்கிலேயே கண்ணி வழியாக அலகை விட்டுக் கொத்தல்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் தோலில் ஒரு ஓட்டை, உள்ளே முத்து ஒன்றுகூட மிச்சமில்லை. கைதட்டினால் நாலடி தள்ளிப் போய் நின்று நம்மையே பார்க்கும்.

இப்போது சுற்றிலும் கம்பு நட்டு, மேலே கம்பி இழுத்து, செடிக்கும் வலைக்கும் ஒரு முழம் இடைவெளி விட்டாயிற்று. வலை விறைப்பாக நின்றால் மேலே உட்கார்ந்தாலும் அலகு எட்டாது. அடியில் செங்கல் வைத்து அழுத்துவது முக்கியம், மயில் பறந்து வருவதைவிட நடந்து வருவதே அதிகம்.

—

அண்ணா, கண்ணி அளவையும் சொல்லுங்கள். பெரிய கண்ணி என்றால் பாம்பு, ஓணான், சின்னக் குருவி எல்லாம் மாட்டிச் சாகும். மாட்டிய பாம்பை, வலையைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்தவள் நான், இன்னொரு முறை என்னால் முடியாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல், வீட்டுப் பழமரத்துக்கு 5 மி.மீ.க்கு மேற்பட்ட கண்ணி கூடாது என்று சட்டமே இருக்கிறது. விரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம். பிஞ்சு பிடித்த பிறகு மூடுங்கள், இல்லாவிட்டால் தேனீ பூவுக்கு வராது.

—

பெரிய மரத்துக்கு வலையெல்லாம் ஆகாது. மா, சப்போட்டா, பப்பாளியை முற்றியதும் பறித்து உள்ளே பழுக்க வைத்துவிடுகிறேன். மாதுளையும் திராட்சையும் பறித்தபின் பழுக்காது, அதற்குத் துணிப்பை. காகிதப் பையைக் கிழித்துவிடும். பழைய சிடி தொங்கவிட்டதும் கொஞ்ச நாள் ஒதுங்கியது. பிறகு அதில் தெரிந்த மயிலோடு சண்டைக்கு வந்து, பக்கத்துக் கிளையையும் முறித்தது. கழற்றிவிட்டேன்.

—

தங்கச்சி சொன்ன அளவுதான் எங்களுடையதும். ஒன்று, சின்னக் கண்ணி காற்றை அதிகம் பிடிக்கும். கம்பை நன்றாக ஆழமாக நடுங்கள்.