வாத்து, கூஸ் (பெருவாத்து) குஞ்சுகளின் தீவனம்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு அனுபவம்

குளக்கரை:
தீவனத்தில் சத்துக் குறைந்தால் வாத்துக் குஞ்சுகளின் கால் வளைந்துபோகும், எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் முன்கதை வேண்டாம். தோழி வீட்டில் பார்த்தது. மூன்று வாரக் குஞ்சுகள், எல்லாவற்றுக்கும் கோழிக்குஞ்சுத் தீவனம். தட்டை வைத்ததும் மற்றவை ஓடி வந்துவிட்டன. ஒன்று மட்டும் எழவில்லை. முட்டி வீங்கி, கால் வளைந்து, இரண்டு குட்டிச் சிறகையும் தரையில் ஊன்றித் துழாவித் துழாவி வந்தது. வந்து சேர்வதற்குள் தட்டில் பாதி காலி. அலகை விளிம்பில் வைத்துக்கொண்டு அப்படியே படுத்துவிட்டது. பசி இருந்தது, கண் தெளிவாக இருந்தது, கால்தான் ஒத்துழைக்கவில்லை. தட்டு விளிம்பில் இருந்த அந்த அலகு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நியாசின் (வைட்டமின் பி3) குறைவு. வாத்துக் குஞ்சுக்குக் கிலோ தீவனத்துக்கு 55 மில்லிகிராம் வேண்டும். கோழிக்குஞ்சின் தேவை அதைவிட நிறையவே குறைவு, அதன் தீவனமும் அந்தக் கணக்கில்தான் தயாராகிறது. மக்காச்சோளத்தில் நியாசின் இருந்தாலும் பெரும்பகுதி பிணைந்து கிடப்பதால் பறவையின் உடம்பில் சேராது. புரூவர்ஸ் ஈஸ்ட் (நியாசின் நிறைந்த, உயிரற்ற ஈஸ்ட் தூள்) கலந்து கொடுத்தோம். லேசாகத் தடுமாறியவை தேறி நடந்தன. இது தேறவில்லை. தோழி மேல் எனக்குக் கோபமே கிடையாது. குஞ்சுத் தீவனம் என்று கேட்டாள், கடையில் எடுத்துக் கொடுத்தார்கள். எந்தக் குஞ்சுக்கு என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

வெள்ளைச்சிறகு:
நான் பார்த்தது சிறகில். வளர்க்க முடியாமல் ஒருவர் கொண்டுவந்து விட்டுப் போன கூஸ் குஞ்சுகள். ரொட்டியும் புரதம் கூடிய தீவனமும் நாள் முழுக்கத் தின்றவை. நல்ல உடம்பு, பார்க்க அழகு. குளித்து வெளியே வந்து எல்லாம் ஒன்றாகச் சிறகடித்தன. அடித்து முடித்து மடக்கியபோது ஒன்றின் இடது சிறகு மட்டும் மடங்கவில்லை. முறிந்த குடைக்கம்பி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அது திரும்பித் திரும்பி அந்தச் சிறகைக் கொத்தி உள்ளே தள்ளப் பார்த்தது. எனக்குத் தாங்கவில்லை.

ஏஞ்சல் விங் என்று சொல்வார்கள். வளரும் இறகின் குருத்தில் இரத்தம் நிறைந்திருக்கும், கனமாக இருக்கும். உடம்பு வேகமாக வளரும்போது மணிக்கட்டு மூட்டு அந்தக் கனத்தைத் தாங்காமல் வெளிப்பக்கம் திருகிக்கொள்கிறது. பரம்பரையாலும் வரலாம் என்கிறார்கள். ஆனால் நான் பார்த்த குஞ்சுகளில் தீவனம்தான் முதல் சந்தேகம். ஆரம்பத்திலேயே பிடித்தால் சிறகை இயல்பாக மடித்து, மென்மையான பேண்டேஜால் சில நாள் கட்டி வைத்தால் திரும்பும். எலும்பு முற்றிவிட்டால் அவ்வளவுதான். இங்கே ஒன்று திரும்பியது, அந்த இடது சிறகு திரும்பவில்லை.

ஈரமூக்கு:
குளக்கரை அக்கா, கால் என்றாலே நியாசின் என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் பார்த்த குஞ்சுக்கு அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்திருந்தார்கள். வழுக்கி வழுக்கி இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்துவிட்டன. ஈஸ்ட் எவ்வளவு கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. சொரசொரப்பான துணியை விரித்து, இரண்டு காலையும் சரியான இடைவெளியில் தளர்வாகக் கட்டியதும் நிற்க ஆரம்பித்தது. அதனால் முதலில் தரையைப் பாருங்கள்.

அப்புறம் தண்ணீர். இதை யாரும் சொல்லவில்லை. தீவனம் இருக்கும் நேரமெல்லாம் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இவை ஒரு வாய் தின்று ஒரு வாய் குடிக்கும். காய்ந்த தூள் தீவனம் மட்டும் இருந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மூக்குத்துளை முழுகும் அளவுக்கு ஆழம் வேண்டும், இல்லையென்றால் மூக்கையும் கண்ணையும் கழுவ முடியாது. ஆனால் உள்ளே ஏறி உட்காரும்படியான பாத்திரம் வேண்டாம். தாய் இல்லாத குஞ்சுக்கு இறகில் எண்ணெய்ப் பூச்சு போதாது, நனைந்தால் குளிரில் போய்விடும்.

புரதம் முதல் இரண்டு மூன்று வாரம் 20 சதவீதத்தை ஒட்டி, அதன்பின் 15, 16க்கு இறங்கலாம். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தைத் தொடவே கூடாது. அதில் கால்சியம் 3, 4 சதவீதம் வரை இருக்கும். குஞ்சுக்கு 1 சதவீதமே போதும், மீதி சிறுநீரகத்தைக் கெடுக்கும். கூஸ் குஞ்சுக்கு முதல் வாரத்திலிருந்தே இளம்புல் கொடுக்கலாம், ஆனால் பொடியாக நறுக்கி, கூடவே வயிற்றில் அதை அரைக்க உதவும் பொடிக்கல்லும் வைத்து. முற்றின நீளப்புல் உள்ளே சுருண்டு கட்டியாகிவிடும். பூச்சிமருந்து அடித்த புல் என்றால் பக்கத்திலேயே விடாதீர்கள்.

குளக்கரை:
தம்பி, தரை வழுக்கினால் கால் விரியும். நான் பார்த்தது முட்டி வீங்கி, எலும்பே வளைந்திருந்தது. அடியில் மரத்தூள்தான், வழுக்கல் இல்லை. அதோடு ஈஸ்ட் கொடுத்ததும் மற்றவை தேறினவே. தரையைப் பார்ப்பது சரிதான், அதற்காகத் தீவனத்தைச் சந்தேகிக்காமல் விடக்கூடாது.

மேகமூட்டம்:
கால், சிறகு எல்லாம் சரி, பூஞ்சையை ஏன் யாரும் தொடவில்லை? பக்கத்துப் பண்ணையில் மாலை நன்றாக இருந்த குஞ்சுகள் காலையில் கழுத்தைப் பின்னால் வளைத்துக் கிடந்தன. உயிரோடிருந்த ஒன்றைக் கையில் எடுத்தேன், கால் இரண்டும் துடுப்புப் போடுவதுபோல் அசைந்துகொண்டே இருந்தன. மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் அடியில் ஈரம், கட்டி கட்டியாகத் தீவனம். மேலே வாடையே இல்லை.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சுதான் காரணம், அஃப்லடாக்சின் என்ற அந்த நஞ்சு தெரியவந்ததே அப்படித்தான். வாத்துக் குஞ்சுகளும் அதில் செத்தன. பிறகு அந்த நஞ்சைச் சோதிக்க ஒருநாள் வயது வாத்துக் குஞ்சையே பயன்படுத்தினார்கள், அவ்வளவு சீக்கிரம் அதன் ஈரலைத் தாக்கும். கோழி தாங்குகிற அளவை இது தாங்காது. எனவே கோழிகள் தின்று நன்றாகத்தானே இருக்கின்றன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டியை உடைத்துக் காயவைத்தாலும் நஞ்சு போகாது. மூட்டையோடு கொட்டிவிடுங்கள். நனைத்து வைத்த தீவனம் மிஞ்சினால் அன்றே எடுத்துவிட வேண்டும்.

தாமரையிலை:
குஞ்சுகள் நாளை வருகின்றன. கோழிக்குஞ்சுத் தீவனம்தான் கிடைத்தது, மருந்து கலக்காதது. ஈஸ்ட் எவ்வளவு?

வெள்ளைச்சிறகு:
ஒரு கப் தீவனத்துக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன் புரூவர்ஸ் ஈஸ்ட். தீவனத்தை லேசாக நனைத்துக் கலந்தால் தூள் அடியில் தங்காது. ரொட்டி சுடும் உயிருள்ள ஈஸ்டை வாங்கிவிடாதீர்கள், அது வயிற்றில் புளித்துப் பொங்கும்.