கச்சான் காலத்தில் அரியமானில் பாய்ப்பலகை: என் அனுபவம்

விண்ட்சர்ஃபிங், அதாவது பாய் கட்டிய பலகையில் நின்று காற்றின் வேகத்தில் கடலில் ஓடுவது, பழக ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியிருந்த சமயம். ஜூலை மாதத்துச் சனிக்கிழமை, மதுரையிலிருந்து விடிகாலை நாலு மணிக்குக் காரின் தலையில் பலகையைக் கட்டிக்கொண்டு கிளம்பி, உச்சிப்புளியில் ஒரு டீ குடித்துவிட்டு அரியமான் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. முந்தின இரவே போனில் பார்த்து வைத்திருந்தேன், மதியம் 16 நாட், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர் அளவுக்குக் காற்று. அந்த எண் ஒன்றைத்தான் பார்த்தேன். பக்கத்திலேயே திசை காட்டும் அம்பு இருந்தது, அது தென்மேற்கு என்று சொன்னது, அதை நான் மனதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

அரியமான் வடக்குப் பார்த்த கரை. எதிரே பாக் விரிகுடா. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்தால் அது நிலத்தைத் தாண்டி வந்து உங்களைக் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். கரையில் நின்று பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. அலை கிளம்பக் காற்று தண்ணீரின் மேல் தடையில்லாமல் ஓடும் தூரம் வேண்டும், கரையோரம் அது கிடையாது, அதனால் கடல் குளம் மாதிரி கிடக்கும். அன்றும் அப்படித்தான் கிடந்தது. ஆளே இல்லாத தட்டைத் தண்ணீர், எனக்கு ஒரே சந்தோஷம்.

பத்தரை மணி வரை காற்று வரவில்லை. பனைமரங்களின் உச்சியில் மட்டும் ஓலை மெல்ல உரசிக்கொண்டிருந்தது. பதினோரு மணிவாக்கில் அந்தச் சத்தம் மாறியது, காய்ந்த ஓலைகள் மரத்திலேயே பட்பட்டென்று அடிக்க ஆரம்பித்தன, காலடியில் மணல் மெல்லிய கோடாக ஓடியது. 6.5 சதுர மீட்டர் பாயைக் கட்டி இறங்கினேன். முதல் நூறு, நூற்றைம்பது மீட்டர் மரங்களின் மறைவில் காற்று வந்து வந்து போனது. அதைத் தாண்டியதும் ஒரே இழுப்பு. அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று இப்போதும் உடம்பில் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் விழுந்தேன். எழுந்து கயிற்றை இழுத்துப் பாயைத் தூக்கினால் காற்று என் கையிலிருந்து பிடுங்கியது. வெளியே 20 நாட்டுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். 14 நாட் 20 ஆனால் பாயின் மேல் விழும் விசை ஏறக்குறைய இரண்டு மடங்கு, வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிற கணக்கு அது. கரையிலிருந்த காற்றுக்குச் சரியாக இருந்த பாய் அங்கே எனக்குப் பெரிதாகிவிட்டது. விழுவதும் எழுவதுமாக இருந்தேன், ஒவ்வொரு முறை தலையைத் தூக்கும்போதும் கரை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. அரை மணி நேரத்தில் பனைமரங்கள் தீக்குச்சி உயரத்துக்கு வந்துவிட்டன. கையில் பிடி விட்டுப் போனது, விரல்கள் மடங்கவில்லை.

பலகையை விட்டு நீந்தக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அது ஒன்றுதான் அன்று சரியாக நினைவுக்கு வந்தது. பாயைத் தண்ணீரில் கிடக்கவிட்டுப் பலகை மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் ஆட்டினேன். நண்டு வலை எடுத்துவிட்டு வந்த நாட்டுப்படகு ஒன்று திரும்பியது. அதில் இருந்த பெரியவர் முதலில் என்னை ஏற்றிவிட்டு, அப்புறம் பாயைச் சுருட்டிக் கட்டி, பலகையைப் படகின் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தார். வழியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, கச்சான் அடிக்கையில வடகடல்ல கரையோரம் எப்பவும் அசையாமத்தான் கெடக்கும். நீங்க அதப் பாத்து எறங்கிட்டீங்க. வெளிய கெடக்குறத யாரு பாக்குறது?"

படகு கரை வரை வரவில்லை. காலையில் நான் இறங்கியதை விடத் தண்ணீர் வற்றியிருந்தது. பாக் விரிகுடாவில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நீர்மட்ட வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இருக்காது, அதனால் அதைப் பொருட்டாகவே எடுத்ததில்லை. ஆனால் அங்கே தரை அவ்வளவு தட்டை. அரை மீட்டர் குறைந்தாலே முழங்கால் தண்ணீரில் கடற்புல் மைதானம் நீண்டு கிடக்கும். என் பலகையின் ஃபின், அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு, 40 சென்டிமீட்டர், புல்லில் சிக்கிச் சிக்கி நின்றது. கடைசியில் பலகையைக் குப்புறக் கவிழ்த்து ஃபின் மேலே நிற்க இழுத்து வந்தேன். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்துவிடாமல் இருக்கக் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்லியிருந்தார் பெரியவர். கரைக்கு வர இருபது நிமிடம் ஆனது. பணம் நீட்டினேன், வாங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு நாளைத் திட்டமிடுகிற விதமே மாறிவிட்டது. முதலில் திசை, அப்புறம்தான் வேகம். ராமேஸ்வரம் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு, ஒரே சாலையில் வடகடலும் (பாக் விரிகுடா) தென்கடலும் (மன்னார் வளைகுடா) கிடைக்கும். தனுஷ்கோடியில் அமைதியாகக் கிடப்பதைப் பெண் கடல் என்றும் அலையடிப்பதை ஆண் கடல் என்றும் வண்டிக்காரர்கள் காட்டுவார்கள். கச்சான் காலத்தில் அது சரி. வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, வீசத் தொடங்கினால் அப்படியே தலைகீழாகும், வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது, அளவான அலை இருக்கிற, காற்று கரையை நோக்கிச் சாய்வாக வருகிற பக்கம்தான் நல்லது. பார்க்கப் பயமாக இருக்கும், நாலு முறை முகத்தில் தண்ணீர் அடிக்கும், ஆனால் கை ஓய்ந்துபோனால் காற்றே உங்களைக் கரையில் கொண்டுவந்து போடும்.

காற்றுக் கணிப்பைப் புதன்கிழமை ஒருமுறை, வெள்ளி இரவு ஒருமுறை பார்க்கிறேன். இரண்டு மூன்று கணிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துவந்தால்தான் கிளம்புவது. நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி பக்கம் வருகிறதா என்று பார்ப்பேன், அந்த நாட்களை ஒட்டி ஏற்றமும் அதிகம் வற்றமும் அதிகம், அஷ்டமி பக்கம் இரண்டும் குறைவு. ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல், தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். வடகடலில் இறங்குவதாக இருந்தால் கரையேறும் நேரத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க வேண்டும், நான் கடலில் இறங்கும் நேரத்தை அதிலிருந்துதான் பின்னோக்கி எண்ணுகிறேன். புல்லுக்காகப் பின்னோக்கிச் சாய்ந்த ஃபின் ஒன்றும் வாங்கிவிட்டேன், காசு கொடுத்ததற்கு முழுப் பலன். பாயை வெளியே இருக்கிற காற்றுக்குக் கட்ட வேண்டும், கரையில் இருக்கிற காற்றுக்கு இல்லை. போனை நீர்புகாப் பையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்கிறேன், கடலோரக் காவல் படையின் எண் 1554 அதில் இருக்கிறது.

தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையிலும் பாம்பன் பாலத்துக்கு அடியிலும் தயவுசெய்து இறங்காதீர்கள். அங்கே நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுக்கிற இழுப்புக்கு நம் பாய் எந்த மூலைக்கு? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் ஒதுங்கவும் கூடாது.

ஜனவரியில் அதே அரியமானுக்கு மறுபடி போனேன். வாடை, 15 நாட், வானத்தில் மேகம் கிடையாது. குட்டை அலைகள் பலகையின் அடியில் தடதடவென்று தட்டிக்கொண்டே இருந்தன. மூன்று மணி நேரம் போய்ப் போய் வந்தேன், விழுந்தபோதெல்லாம் காற்று கரைப் பக்கம்தான் தள்ளியது, கரையேறும்போது தண்ணீர் இடுப்பு வரை இருந்தது. அந்தப் பெரியவர் வலை காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பாய் சின்னதாயிருச்சே தம்பி" என்றார். 5.5 கட்டியிருந்தேன், அதைத் தூரத்திலிருந்தே கவனித்திருக்கிறார்.