புது டிவி, மூன்றே வாரத்தில் பேனலில் கோடு: ரிப்பேர்தான் என்கிறார்கள், பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

நெய்வேலி_நிலா

55 இன்ச் எல்இடி டிவி, ஒரு ஷோரூமில் வாங்கியது. மூன்றாவது வாரமே திரையின் இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை பச்சைக் கோடு ஒன்று விழுந்துவிட்டது. கீழே விழவில்லை, அடி எதுவும் படவில்லை. கம்பெனி ஆள்தான் வந்து பெட்டியைப் பிரித்துச் சுவரில் மாட்டிக் கொடுத்தார்.

ஷோரூமில் கேட்டால், "டெலிவரி கொடுத்ததோட எங்க வேலை முடிஞ்சுது, கம்பெனி சர்வீஸைப் பாருங்க" என்கிறார்கள். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது. ஜிஎஸ்டி கட்டியாகிவிட்டதால் பில்லை ரத்து செய்ய முடியாது என்றும் சொல்கிறார்கள். கஸ்டமர் கேரில் புகார் பதிந்தாயிற்று, நாளை மறுநாள் டெக்னீஷியன் வருகிறார். பேனல் மாற்றித் தருவோம், புது செட் கிடையாது என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள்.

விலை 52,990 ரூபாய். பழைய டிவிக்கு 3,000 கழித்தார்கள். 9,990 யுபிஐயில் கட்டினேன், மீதி 40,000 பைனான்ஸில் 10 மாத இஎம்ஐ. புது செட் அல்லது பணம், இரண்டில் ஒன்றைக் கேட்க எனக்கு உரிமை உண்டா? டெக்னீஷியன் வரும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பேனல்_பாண்டி

டெக்னீஷியன் வர்றதுக்கு முன்னாடி நீங்களே பார்த்து வைக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு.

முதல்ல, கோடு பேனல்லயா இல்ல வெளியில இருந்து வர்ற சிக்னல்லயான்னு பாருங்க. செட்டாப் பாக்ஸ் கேபிளைக் கழட்டிட்டு டிவியோட செட்டிங்ஸ் மெனுவைத் திறங்க. மெனு மேலயும் அந்தக் கோடு ஓடுச்சுன்னா சந்தேகமே வேண்டாம், கோளாறு பேனல் பக்கம்தான். மெனு சுத்தமா இருந்து ஒரு எச்டிஎம்ஐ போர்ட்ல மட்டும் கோடு வந்தா கேபிள், பாக்ஸ், போர்டு இந்த மூணுல ஒண்ணு.

அடுத்து, டிவியை அணைச்சு ரூம் லைட்டையும் அணைச்சுட்டு, டார்ச்சைத் திரைக்குச் சாய்வா பிடிச்சு மூலைக்கு மூலை அடிச்சுப் பாருங்க. அடிபட்ட பேனல்ல ஒரு புள்ளியில இருந்து சிலந்தி வலை மாதிரி விரிசல் கிளம்பும், இல்லைன்னா மை கொட்டின மாதிரி கறுப்புத் திட்டு இருக்கும். அது எதுவும் இல்லாம ஒரே ஒரு நேர்கோடுன்னா பெரும்பாலும் சிஓஎஃப் பிரச்சினை. கண்ணாடியோட விளிம்பையும், படத்தைத் திரைக்கு அனுப்பற சோர்ஸ் போர்டையும் இணைக்கிற மெல்லிய பிலிம் அது. ஒட்டின இடத்துல ஒரு இழை விட்டுப்போனா, அந்த இழை பார்த்துக்கிற செங்குத்து வரிசை மட்டும் செத்துடும். படத்தைப் பேனலுக்குப் பிரிச்சு அனுப்பற டி-கான் போர்டு போயிருந்தா வழக்கமா பாதித் திரையோ முழுப் படமோ கெடும், ஒத்தைக் கோடு வராது.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, வாரண்டியை மறுக்க மூணு காரணம் தயாரா இருக்கும்: பிசிக்கல் டேமேஜ், தண்ணி இறங்கியிருக்கு, வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கு. தண்ணிங்கறது சும்மா சொல்றதும் இல்ல. திரை மேல நேரா ஸ்ப்ரே அடிச்சா அது வழிஞ்சு கீழ் விளிம்புக்கு இறங்கும், நிறைய செட்ல அந்த பிலிம் இருக்கிறதே அங்கதான். அதனால இப்போ துடைக்கிற வேலையே வேண்டாம்.

வீடியோ ஒண்ணு எடுங்க. டிவிக்குப் பின்னாடி ஸ்டிக்கர்ல இருக்கிற சீரியல் நம்பர்ல ஆரம்பிச்சு, கட் பண்ணாம அப்படியே முன்னாடி வந்து திரை, நாலு மூலை, மெனு மேல ஓடுற கோடு வரைக்கும் ஒரே ஓட்டமா எடுக்கணும். தனித்தனி போட்டோவா இருந்தா "இது அந்த செட்தான்னு என்ன நிச்சயம்"னு கேள்வி வரும். பில்லுல இருக்கிற சீரியல் நம்பரும் ஸ்டிக்கர்ல இருக்கிறதும் ஒண்ணானு அப்பவே சரி பாருங்க.

டெக்னீஷியன் வந்ததும் ஜாப் ஷீட்ல, அதாவது பார்த்ததை எழுதித் தர்ற சர்வீஸ் தாள்ல, என்ன எழுதறார்ங்கறதுதான் உங்க வழக்கே. வெறுமனே "லைன் கம்ப்ளைண்ட்"னு எழுதிட்டுப் போக விடாதீங்க. "சிங்கிள் வெர்ட்டிகல் லைன், நோ பிசிக்கல் டேமேஜ், நோ லிக்விட்"னு எழுதச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னா அவர் எதிர்லயே கையெழுத்துக்கு மேல நீங்க எழுதுங்க: "வெளிச் சேதம் இல்லை, புது செட் அல்லது பணம் கேட்டிருக்கிறேன், ரிப்பேருக்குச் சம்மதிக்கவில்லை." அப்புறம் ஒரு போட்டோ.

இப்போ பல கம்பெனியில பேப்பர் ஜாப் ஷீட்டே இல்ல, ஆப்தான். கிளம்பும்போது "ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க"ன்னு கேப்பாங்க. சிலர் அதை "ஹேப்பி கோட்" (code)னு சொல்வாங்க. அதைச் சொன்ன நிமிஷமே உங்க புகார் "தீர்ந்தது"ன்னு மூடிடும். வேலை முடியாம அந்த நம்பரைக் கொடுக்காதீங்க. "கொடுத்தாதான் அடுத்த ஸ்டெப் போகும்"னு சொன்னா, கஸ்டமர் கேருக்கு போன் போட்டு அவரையே பேச விடுங்க.

நுகர்வோர்_மேசை

பாண்டி சொன்ன ஜாப் ஷீட் விஷயத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், கீழே சொல்வதெல்லாம் அதை நம்பித்தான் நிற்கிறது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரி, கோளாறான பொருளுக்குச் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)(viii)-ஐப் பாருங்கள். கோளாறான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதையே அது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் குறிப்பிட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள். உங்கள் பில்லில் "7 நாள்", "10 நாள்" என்று ஏதாவது இருக்கிறதா என்று பின்பக்கமும் புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் 30 நாள் இன்னும் முடியவில்லை. ஆகவே கோரிக்கை இன்றே எழுத்தில் போக வேண்டும். கடையில் நின்று வாய்ச்சண்டை போட்டது கணக்கில் வராது.

மின்னஞ்சல் கடைக்கும் கம்பெனிக்கும் ஒன்றாகப் போகட்டும். நீளம் வேண்டாம், இப்படி இருந்தால் போதும்:

"பில் எண் ___, தேதி ___, மாடல் ___, சீரியல் எண் ___. இந்த டிவியின் பேனலில் ___ தேதி முதல் செங்குத்துக் கோடு தெரிகிறது. புகார் எண் ___. வெளிச் சேதம் எதுவும் இல்லை, வீடியோ இணைத்துள்ளேன். கோளாறான இந்தப் பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 52,990 ரூபாயைத் திருப்பித் தருமாறும், அல்லது அதே மாடலில் புதிய பெட்டி தருமாறும் கேட்கிறேன். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்."

அதையே அச்செடுத்து, சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலிலும் அனுப்புங்கள். பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால் கவுன்டரில் ஸ்பீட் போஸ்ட் என்றே கேளுங்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் தடவை வந்த கோளாறு, கம்பெனி இலவசமாகச் சரிசெய்யத் தயார் என்றால், முழுப் பணமும் கிடைத்தே தீரும் என்று யாரும் உறுதி தர முடியாது. மாருதி உத்யோக் எதிர் சுசீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டியில் உள்ள கடமை கோளாறான பாகத்தை மாற்றித் தருவதே, முழு வண்டியை அல்ல என்றது. கம்பெனி வக்கீல்கள் இதை டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் தூக்கிக்கொண்டு வருவார்கள். உங்கள் பலம் இரண்டு: 30 நாளுக்குள் எழுத்தில் கேட்டது, கோளாறு பேனலிலேயே இருப்பது. ஒரு முறை மாற்றியும் திரும்ப வந்தால் வழக்கு இன்னும் வலுவாகும்.

15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அது உத்தரவு போடும் இடமில்லை, கம்பெனியின் குறைதீர் பிரிவுக்குத் தள்ளிவிடும் இடம். ஆனாலும் ஷோரூம் கவுன்டரில் அசையாத கோப்பு அங்கே அசைவதுண்டு. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் போடலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கடை, சர்வீஸ் சென்டர், தயாரிப்பாளர் மூவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர் மேல் கைகாட்டிவிட்டு நழுவுவார்.

கோளாறை நிரூபிக்க ஆணையம் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். அந்தக் கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம், அறிக்கைக்கு 45 நாள். கம்பெனி ஆளே ஜாப் ஷீட்டில் "பேனல் கோளாறு, வெளிச் சேதம் இல்லை" என்று எழுதியிருந்தால் இந்தச் சுற்றுக்கே பெரும்பாலும் வேலை இருக்காது. வீடியோ, வாட்ஸ்அப் உரையாடலைத் தாக்கல் செய்யும்போது மின்னணு ஆதாரத்துக்கான பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63(4) சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள், பிறகு ஆட்சேபம் வராது.

நெய்வேலி_நிலா

மிக்க நன்றி இருவருக்கும். பில்லில் கெடு எதுவும் இல்லை. மெயில் இன்றே அனுப்புகிறேன். மெனு மேலும் கோடு ஓடுகிறது, விரிசல் இல்லை. இன்னும் இரண்டு சந்தேகம்: கடை சொல்லும் ஜிஎஸ்டி காரணம் உண்மையா? பணம் திரும்ப வந்தால் இஎம்ஐ என்ன ஆகும்? கோபத்தில் அடுத்த மாத இஎம்ஐயை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பில்லிங்_கவுன்டர்

இஎம்ஐயை மட்டும் நிறுத்தாதீங்க சார். கடன் உங்களுக்கும் பைனான்ஸ் கம்பெனிக்கும் நடுவுல போட்ட ஒப்பந்தம், டிவி கெட்டுப்போனது அவங்க கணக்குல வராது. ஒரு தவணை பவுன்ஸ் ஆனா அபராதம், சிபில்ல கறை. கடையோட நடக்கிற சண்டை வேற, இது வேற.

ஜிஎஸ்டி காரணம் சரியில்ல. 52,990-ல 18 சதவீதம் உள்ளடங்கியிருக்கு, அதாவது வரி மட்டும் 8,083 ரூபாய் சொச்சம். சரக்கு திரும்பி வந்தா கடைக்காரர் சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டம் பிரிவு 34 படி கிரெடிட் நோட், அதாவது பில் தொகையைக் குறைச்சுத் தர்ற சீட்டு, போட்டு, கட்டின வரியை ரிட்டர்ன்ல குறைச்சுக்கலாம். அந்த நிதியாண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30 வரைக்கும் அவருக்கு நேரம் இருக்கு. பில்லை "ரத்து" செய்ய முடியாதுங்கறது வார்த்தைக்கு உண்மைதான், ஆனா ரத்து யாரும் கேக்கலையே. கிரெடிட் நோட் கேளுங்க, அந்தப் பேரைச் சொல்லியே கேளுங்க. கவுன்டர்ல இருக்கிற பையனுக்குப் புரியலைன்னாலும் அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவருக்குப் புரியும்.

பணம் திரும்பற வழியும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. 40,000 உங்க கைக்கு வராது. கடை அதைப் பைனான்ஸ் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பி லோனை கேன்சல் பண்ணணும். நீங்க ஏற்கெனவே கட்டின தவணையும் 9,990-ம் உங்களுக்கு வரணும். பிராசஸிங் ஃபீ பெரும்பாலும் திரும்பாது, அதைக் கடைகிட்ட நஷ்டமாக் கேக்கலாம். எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்திருந்தா அதுக்குத் தனி பில் இருக்கும், அதையும் சேர்த்துக் கேக்கணும், இல்லைன்னா அது தனியா அநாதையா நிக்கும்.

பழைய டிவிக்குக் கழிச்ச 3,000-ஐ விட்டுடாதீங்க. பழைய செட் இந்நேரம் கைமாறிப் போயிருக்கும், திருப்பித் தர முடியாது. "எக்ஸ்சேஞ்ச் போக நீங்க கட்டினது 49,990 தானே"ன்னு அதை மட்டும் கொடுக்கப் பார்ப்பாங்க. பழைய டிவியும் நீங்க கொடுத்த விலைதான். மெயில்ல 52,990-னு முழுத் தொகை போடச் சொன்னது அதுக்குத்தான்.

கடை கூப்பிட்டு ஸ்டோர் கிரெடிட், கிஃப்ட் வவுச்சர்னு பேச்சை மாத்தினா ஒத்துக்க வேண்டியதில்ல. வேணாம்னா வேணாம்னு மெயில்லயே பதில் போடுங்க.

பேனல்_பாண்டி

ஒரு வேளை கடைசியில பேனல் மாத்திக்கவே ஒத்துக்கிட்டா, அதையும் சும்மா விடாதீங்க. புதுசா போடற பேனலோட சீரியல் நம்பரை ஜாப் ஷீட்ல ஏத்தச் சொல்லுங்க. புதுசா, சரிபண்ணி வெச்சதான்னு எழுத்துல கேளுங்க, பெட்டியைப் பிரிக்கும்போது பின்பக்க லேபிளைப் போட்டோ எடுங்க. மாத்தின பேனலுக்கு வாரண்டி புதுசா ஆரம்பிக்காது, பல கம்பெனியில பழைய வாரண்டியில மிச்சம் இருக்கிறதுதான். அதை நீட்டித் தரச் சொல்லி முன்கூட்டியே மெயில்ல பேரம் பேசுங்க, கழட்டினதுக்கு அப்புறம் யாரும் காது கொடுக்க மாட்டாங்க.

பேனல் மாத்தற வேலையை வீட்டுலயே பண்றதா இருந்தா, இடம் பெருசா, தூசி இல்லாம இருக்கணும். உள்ள வெளிச்சத்தைப் பரப்பற டிஃப்யூசர் ஷீட்டுக்கு நடுவுல ஒரு தூசியோ முடியோ மாட்டினா வெள்ளைத் திரையில நிழலாத் தெரியும். மாத்தி முடிச்சதும் யூடியூப்ல முழு வெள்ளை, முழு சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம்னு அஞ்சு நிறமும் ஒவ்வொண்ணா ஓடவிட்டு, ரூமை இருட்டாக்கிப் பாருங்க. மூலையில வெளிச்சம் கசியுதா, கறை இருக்கான்னு பார்த்து, எல்லாம் சரியா இருந்தா அப்புறம் அந்த ஓடிபியைச் சொல்லுங்க.

நுகர்வோர்_மேசை

இதே கேள்வியோடு வருபவர்களுக்காக இரண்டு வரி. ஆன்லைனில் வாங்கியிருந்தால் மின்வணிக விதிகள் 2020 படி கோளாறான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். சாட் பெட்டியில் பேசிக்கொண்டே நாளைக் கடத்தாமல் அவருடைய மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்.

இன்னொன்று, வீட்டு டிவியைக் கடைப் பெயரிலோ கம்பெனி ஜிஎஸ்டி எண்ணிலோ பில் போடாதீர்கள். வரி மிச்சம் என்று சிலர் செய்கிறார்கள். ஆணையத்துக்குப் போனால் எதிர்தரப்பின் முதல் வாதமே, வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பதாகத்தான் இருக்கும்.

நிலா, ஜாப் ஷீட் கைக்கு வந்ததும் அதில் எழுதியிருப்பதை இங்கே அப்படியே தட்டச்சு செய்யுங்கள். உங்கள் பெயர், போன் எண், சீரியல் எண் வேண்டாம். அதைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் கடைக்கும் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டிய நோட்டீஸை வடிவமைத்துவிடலாம்.