மறுமொழி: ‘சாஃப்ட் வாஷ்’ மென்கழுவலா, ஊறக்கழுவலா?

> தம்பி எழுதியது:
> வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டு வெளிச்சுவர், கூரை, வாசல் தளம் கழுவித் தரும் தொழில் தொடங்கப் போகிறேன். துண்டறிக்கை தமிழிலும் வேண்டும். ‘பிரஷர் வாஷ்’ என்பதற்கு உயரழுத்தக் கழுவல், ‘சாஃப்ட் வாஷ்’ என்பதற்கு மென்கழுவல் என்று போடலாமா? முதலில் எந்த இயந்திரம் வாங்குவது என்றும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புத் தம்பிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

நானும் நம்மூரில் இதே வேலைதான் செய்கிறேன். அதனால் சொல்லை ஒரு பக்கம், இயந்திரத்தை ஒரு பக்கம் என்று பிரித்துப் பேச எனக்கு வரவில்லை. ‘மென்கழுவல்’ வேண்டாம், தம்பி.

சாஃப்ட் வாஷில் பாசியை எடுப்பது தண்ணீரின் வேகம் இல்லை, மருந்து. நீச்சல் குளத்துக்குப் போடும் திரவக் குளோரினைத் தண்ணீரில் கலந்து, கொஞ்சம் சோப்பும் சேர்த்து, 12 வோல்ட் பம்பில் மெதுவாக அடிக்கிறோம். கலவை சட்டென்று வழிந்து ஓடிவிடாமல் சோப்பு அதைச் சுவரோடு பிடித்து வைக்கிறது. 10, 15 நிமிடம் விட்டால்தான் பாசி சாகும். கூரையில் கறுப்பாக வழிந்திருக்கிறதே, அதைப் பலர் புகைக்கரி என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது உயிருள்ளது. குளோயோகாப்சா போன்ற நீலப்பச்சைப் பாசி. மேலோடு சுரண்டிவிட்டால் மிச்சம் இருப்பது மறுபடி படரும்.

ஒரு முறை உதவிக்கு வந்த பையனிடம் “இது மென்மையாகக் கழுவும் முறை” என்று சொல்லிக் கொடுத்தேன். அவனும் பொறுப்பாக, மென்மையாக அடித்து, அடித்த கையோடு தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டான். அன்றைக்குச் சுவர் பளிச்சென்றுதான் இருந்தது. சில மாதத்தில் பச்சை திரும்பிவிட்டது. காசு வாங்காமல் மறுபடி போய்ச் செய்து கொடுத்தேன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். காத்திருக்க வேண்டும் என்று அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லையே.

அதனால் நான் முன்வைப்பது: ஊறக்கழுவல். துணியை ஊறப்போட்டுத் துவைக்கிறோம், உளுந்தை ஊறவைத்து அரைக்கிறோம். ஊறுவதற்கு நேரம் வேண்டும் என்பதைத் தமிழில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி ‘இணையம்’ என்று தந்தபோது ‘இன்டர்நெட்’ என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டாகப் பிளந்து ‘இடைவலை’ என்று ஒட்டவில்லை. அது செய்யும் காரியத்தைப் பார்த்தார். நம் தோட்டத்து ஆட்களும் அப்படித்தான் ஆயில் பாமைச் செம்பனை என்றார்கள், ரப்பர் மரத்தைப் பால்மரம் என்றார்கள்.

அடுத்தது பிரஷர் வாஷ். ‘உயரழுத்தக் கழுவல்’ பிழையில்லை. ஆனால் நம்மூரில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாருக்கும் அது ‘வாட்டர் ஜெட்’. ஜெட்டுக்குத் தமிழில் தாரை என்ற நல்ல சொல் இருக்கிறது. நீர்த்தாரை என்றால் பீறிட்டு வரும் தண்ணீர். எனவே தாரைக்கழுவல். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடையில் போய் நின்றால் அழுத்தத்தை மட்டுமே காட்டி விற்பார்கள், “இது 150 பார், அது 200 பார்” என்று. (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு.) தளத்து அழுக்கைக் கிளப்புவது அழுத்தம், அதை அடித்துக்கொண்டு போவது தண்ணீரின் அளவு. நிமிடத்துக்கு 7 லிட்டர் தரும் இயந்திரத்தையும் 15 லிட்டர் தரும் இயந்திரத்தையும் ஒரே வாசலில் ஓட்டிப் பார், வேலை நேரத்திலேயே வித்தியாசம் தெரியும். தாரை என்னும்போது வேகத்தோடு அளவும் மனதில் வருகிறது.

நம் வீட்டு 13 ஆம்பியர் சாக்கெட் சுமார் 3 கிலோவாட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே 15 லிட்டர் இயந்திரம் வேண்டுமானால் பெட்ரோல் என்ஜின்தான். மணிக்கு 900 லிட்டர் குடிக்கும் அதற்கு வீட்டுக் குழாய் ஈடுகொடுக்காது, பம்பு காற்றை இழுத்துக் கெட்டுப்போகும். லோரியில் தொட்டி இல்லாமல் அதை வாங்காதே.

நான் சொல்வது, முதலில் ஊறக்கழுவல் பம்பு வாங்கு. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் சுவரும் கூரையும்தான் அதிகம், போடும் முதலும் குறைவு. சுவருக்குக் கலவையில் குளோரின் 1 விழுக்காடு போதும். கடையில் வாங்குவது 12 விழுக்காடு என்றால் ஒரு பங்குக்கு 11 பங்கு தண்ணீர். கூரைக்கு 3, 4 விழுக்காடு. உச்சி வெயிலில் அடிக்காதே, ஊறுவதற்கு முன்பே காய்ந்துவிடும். செடிகளை முன்னும் பின்னும் தண்ணீரால் நனைத்துவிடு. தரை ஓடு கழுவும் ஆசிட்டை குளோரின் டின் பக்கமே கொண்டுபோகாதே. இரண்டும் கலந்தால் வரும் குளோரின் வாயு ஆளையே கொல்லும்.

பெட்ரோல் இயந்திரம் வாங்கும்போது கூடவே அந்த வட்ட மூடிக்குள் கம்பி சுற்றும் கருவியையும் (சர்ஃபேஸ் கிளீனர்) வாங்கு. அதைச் சுழல்தட்டு என்று நான் சொல்கிறேன். அது இல்லாமல் தண்ணீர்த் துப்பாக்கியால் மட்டும் தளம் கழுவினால் கோடு கோடாக நிற்கும். நாசிலுக்கு மூக்கு என்ற சொல்லே போதும், கெண்டிக்கு மூக்கு இல்லையா? சிவப்பு மூக்கில் தண்ணீர் விரியும் கோணம் 0 பாகை, அதை மறந்துவிடு. பச்சை 25, வெள்ளை 40.

இரண்டு இடத்தில் தாரையை எடுக்கவே கூடாது. ஒன்று கோயில் கோபுரம். சுதைச் சிற்பத்தின் விரலும் மூக்கும் தாரைக்குத் தாங்காது. இன்னொன்று பழைய வீடுகளின் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரை. அந்த நார் காற்றில் கிளம்பினால் நுரையீரலுக்குப் போகும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா.

பதிவு எளிது. எஸ்.எஸ்.எம்.மில் (மலேசிய நிறுவன ஆணையத்தில்) தொழில் பெயருக்கு ஆண்டுக்கு 60 ரிங்கிட், சொந்தப் பெயரில் என்றால் 30. பெயர்ப்பலகையில் மலாய் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதே.

அன்புடன்,
சுங்கை சிப்புட் அண்ணன்

> கோவையிலிருந்து ஐயா எழுதியது:
> தாரைக்கழுவல் நன்று. ஆனால் ஊறு என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டு. ஊறல் என்றாலோ இங்கே சாராய ஊறல்தான் நினைவுக்கு வரும். மறுபடி யோசிக்கலாமே?

ஐயா, வணக்கம். நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் ஊறல்கழுவல், ஊறுகழுவல் இரண்டையும் நானே தள்ளிவிட்டேன். ‘ஊற’ என்று வினையாக நிற்கும்போது அந்த இரண்டு பொருளும் ஒட்டுவதில்லை. ஊறப்போடு, ஊறவை என்று கேட்பவருக்குச் சாராயம் நினைவுக்கு வராது, அரிசியும் துணியும்தான் வரும்.

உங்கள் கடிதம் வந்தபின் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். அம்மா தோட்டத்தில் பல வருடம் முதுகில் டின்னைக் கட்டிப் புல்லுக்கு மருந்தடித்தவர். என் வேலை என்ன என்பது அவருக்கு இதுவரை “வீடு கழுவுறான்” என்ற அளவில்தான். “ஊறக்கழுவல்னு ஒரு முறைம்மா” என்றேன், வேறொன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அடிச்சு ஊறுற வரைக்கும் மழை வரக்கூடாதே, வானத்தைப் பாத்துட்டுத்தானே அடிக்கிற?” என்று கேட்டார்.